மெழுகில் நகரும் பற்கள்

கண்ணு,

மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கரண்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மெஷின்கள் நின்றுவிட்டன. இத்தனை வருஷம் இந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்து பழகிய காதுக்கு, அது நின்றதும் எங்கோ ஆழத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. பனியன் கட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு செக்கிங் மேஜையில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று நாளாக, இந்த மூன்று மணி நேரத்தில் மட்டும், கொஞ்சம் கொஞ்சமாக எழுதி வருகிறேன். நடுவில் கண் அசந்தும் போகிறது. எழுத்து எங்காவது கோணிக்கொண்டு கீழே இறங்கினால், அந்த இடத்தில் அம்மா தூங்கிவிட்டாள் என்று வைத்துக்கொள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பல்லை வரிசைப்படுத்தும் மேல்படிப்பை விட்டுவிட்டுத் திரும்பி வரப்போவதாக எழுதியிருக்கிறாய். நாலு மாதமாகக் கம்பி வளைப்பதைத் தவிர ஒரு வாயையும் தொடவில்லை என்றும், நீ வளைத்துக் கொடுத்த பதினோரு வளையங்களை உன் பேராசிரியர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குப்பைக் கூடையில் போட்டார் என்றும், உன்னோடு சேர்ந்தவர்கள் எல்லாம் கை நடுங்காமல் செய்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய். நம் ஊரில் யார் இரண்டு வருஷம் வாயில் கம்பியோடு அலைவார்கள், வலித்தால் பிடுங்கச் சொல்லத்தானே வருவார்கள், அதற்கு நான் ஏற்கெனவே படித்த படிப்பு போதாதா என்று. உன் அப்பா படித்துவிட்டு, "வர்றதுன்னா வரட்டும் புள்ள. மனசு ஒப்பாத எடத்துல எதுக்கு ஒக்காந்திருக்கோணும்" என்றார். அவர் அப்படித்தான். நான் அப்படி இல்லை என்று உனக்குத் தெரியும். நீ திரும்பி வந்தால் ஒரு பெண்ணின் நாலு நல்ல பற்கள் போய்விடும். அந்தப் பெண்ணை நீ அறிவாய். முழுவதையும் படித்துவிட்டு, அப்புறம் பெட்டியைக் கட்டு.

முதலில் ஒரு பழைய கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். பல் டாக்டருக்கு நீ படித்துக்கொண்டிருந்த இரண்டாவது வருஷம், லீவுக்கு வந்தவன் ஒரு சின்னக் கண்ணாடியும் கொக்கி மாதிரி ஒரு கம்பியும் கொண்டுவந்தாய். வந்த அன்றைக்கே கம்பெனியில் இருந்த அத்தனை பேர் வாயையும் பார்த்தாய். கட்டிங் மாஸ்டரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து வெற்றிலைக் கறையைப் பற்றிப் பிரசங்கம் செய்தாய். உன் அப்பா பல் விளக்குகிற அழகைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய். எல்லாரையும் முடித்துவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, ஆ காட்டுங்க" என்றாய். நான் மாட்டேன் என்றேன். நீ சிரித்துக்கொண்டே என் தாடையைப் பிடித்தாய். "பெத்தவ வாயை நோண்டறதுக்கா உன்னய மெட்ராசுக்கு அனுப்பிச்சுது" என்று நான் கத்தினேன். வேலையாட்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உன் முகம் சுண்டிப்போய்விட்டது. அந்தக் கண்ணாடியைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்தாய். அதற்கப்புறம் இந்த வீட்டில் யார் வாயையும் நீ பார்க்கவில்லை. அன்றைக்கு நான் பேசியது தப்பு. பேசிய நிமிஷத்திலேயே தெரிந்தது. ஆனால் தப்பு என்று சொல்ல வேண்டுமென்றால் காரணத்தையும் சொல்ல வேண்டும். அதனால் ஆறு வருஷம் பேசாமல் இருந்துவிட்டேன்.

காரணம் இதுதான். என் மேல்வரிசையில் முன்னால் இருக்கிற நாலு பல்லும் என்னுடையவை அல்ல. பதினெட்டு வயதிலிருந்து நான் பல் செட்டு வைத்திருக்கிறேன். பல் டாக்டரான என் மகனுக்கு இதுவரை அது தெரியாது. உன் கண் அவ்வளவு மோசமில்லை. நான் உனக்கு எதிரே வாய் விட்டுச் சிரித்ததே இல்லை, அவ்வளவுதான். சின்ன வயதில் நீ பள்ளிக்கூடத்தில் யாரிடமோ, "எங்கம்மா சிரிக்க மாட்டாங்க" என்று சொன்னாயாம். அந்த டீச்சர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன், உதட்டை மூடிக்கொண்டு.

எனக்குப் பல் கொஞ்சம் தூக்கலாக இருந்தது என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. உதட்டுக்குள் அடங்காது. உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தேங்காய் உரிக்க வருகிறவர்கள்கூட, "துருவலக்கா எங்கீங்க" என்று கேட்டுச் சிரிப்பார்கள். தேங்காய் துருவுகிற பல்லாம். எனக்கு அப்போது கோபம் வரும், ஆனால் அந்தப் பல்லால் நான் பட்ட சுகத்தையும் சொல்ல வேண்டும். கரும்பை அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பில் தோல் சீவுவேன். கொய்யாக்காயை எடுத்த மாத்திரத்தில் பாதி இருக்காது. பெண் பார்க்க மூன்று இடத்திலிருந்து வந்தார்கள். மூன்று பேரும் பலகாரத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நாலாவதாகத் திருப்பூரில் பனியன் மெஷின் வைத்திருக்கிற குடும்பம் என்று உன் அப்பாவின் ஜாதகம் வந்தது. அப்போதுதான் என் அப்பா, உன் அப்புச்சி, ஒரு முடிவுக்கு வந்தார். அவர்கள் பார்க்க வருவதற்கு முன்னால் என் பல்லை எடுத்துக் கட்டிவிடுவது என்று. அந்தக் காலத்தில் அது ஒன்றும் அதிசயமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் காது குத்தியதைச் சரி பார்ப்பது போல, பல் தூக்கலான பெண்ணுக்குப் பல்லை எடுத்துக் கட்டுவார்கள். வசதியுள்ள குடும்பங்கள்தான் செய்தன. அதனால் அதில் ஒரு பெருமையும் இருந்தது.

நல்ல நாள் பார்த்துத்தான் கோயமுத்தூர் கூட்டிப் போனார். கண்ணு, உன் அப்புச்சியை நீ தப்பாக நினைக்கக் கூடாது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எனக்கு மல்லிகைப் பூ வாங்கித் தலையில் வைக்கச் சொன்னார். டாக்டரும் கெட்டவரில்லை. வயதானவர், கை சுத்தமாக இருந்தது. வாயைப் பார்த்துவிட்டு, "நல்ல பல்லும்மா, ஒரு சொத்தை இல்லை" என்றார். சொல்லிவிட்டு ஊசி போட்டார். நல்ல பல் சீக்கிரம் வராது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொன்றுக்கும் அவர் நடுவில் நிறுத்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தார். ஒரு நாளில் இரண்டு, எட்டு நாள் கழித்து இரண்டு. கடைசிப் பல்லை எடுத்துப் பஞ்சில் வைத்து, வேர் எவ்வளவு நீளம் பாருங்கள் என்று உன் அப்புச்சியிடம் காட்டினார். அவர் பார்க்கவில்லை. வாசலில் நின்ற குதிரை வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈறு ஆறும்வரை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். அப்புறம் செட்டு வந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தேன், அதையும் மறைக்கவில்லை. உதடு மூடியது. யாரோ ஒரு லட்சணமான பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளை எனக்குப் பிடித்துக்கூட இருந்தது. வாயைத் திறந்து பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. சகாரம் வரவில்லை. காற்று வேறு எங்கோ போனது. உன் பெரிய அத்தை பெயர் சரஸ்வதி. கல்யாணப் பந்தலில் அந்தப் பெயரைச் சொல்ல நேர்ந்துவிடுமோ என்ற பயத்தில் நான் வாயே திறக்கவில்லை. எதற்கும் தலையை ஆட்டினேன். "எத்தன அடக்கமான புள்ள பாருங்க" என்று என் மாமியார், உன் அப்பாயி, ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. என் அடக்கத்தின் கதை அவ்வளவுதான். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் தங்கள் மருமகள்களிடம் என்னைக் காட்டிப் பேசும்போது எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும்.

பேசக் கற்றுக்கொண்டது மெஷின் அறையில். அப்போது நம்மிடம் இரண்டே மெஷின். அது ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதுகூடக் கேட்காது. நான் துணி வருகிறதா என்று பார்ப்பது போல அங்கே போய் நின்று, சரஸ்வதி, சரஸ்வதி என்று சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். சாம்பார், சீரகம், சோமனூர், செவ்வாய்க்கிழமை. ஒரு நாளைக்கு நூறு தடவை இருக்கும். ஆவணியில் கல்யாணம், பங்குனிக்குத்தான் உன் பெரிய அத்தையைப் பெயர் சொல்லி வாயாரக் கூப்பிட முடிந்தது. மெஷின் ஓடுகிற சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்காது. நாக்கு எங்கே படுகிறது என்பதை வைத்துத்தான் சரியா தப்பா என்று தெரிந்துகொள்வேன். ஆகையால், கண்ணு, பதினோரு வளையம் கூடைக்குப் போனது எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. பன்னிரண்டாவதைச் செய்.

உன் அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். நீ வயிற்றில் இருந்தபோது, விடிந்ததும் வாந்தி எடுக்கக் கிணற்றடிக்கு ஓடினேன். வாந்தியோடு செட்டும் விழுந்துவிட்டது. திரும்பினால் பின்னால் அவர் செம்பில் தண்ணீரோடு நிற்கிறார். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் குனிந்து அதை எடுத்தார். இரண்டு தடவை கழுவினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், புது மெஷினுக்கு வந்த உதிரிப் பாகத்தைப் பார்ப்பது போல. என் கையில் கொடுத்துவிட்டு, "இதுக்கா புள்ள மூணு வருசமா கரும்பு வேண்டாம் வேண்டாம்னு சொன்ன" என்றார். அடுத்த பொங்கலுக்குக் கரும்பைத் தோல் சீவி, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு நான் அழுததை அவர் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இதுவரைக்கும் வருஷா வருஷம் நறுக்கித் தருகிறார். அம்மாவுக்குக் கரும்பு நறுக்கித் தின்றால்தான் பிடிக்கும் என்று நீ நினைத்திருப்பாய்.

ஆனால் நல்ல புருஷன் கிடைத்தால் மட்டும் ஈறு நிற்குமா. பல் இல்லாத இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செட்டு தளரும். மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் மருதமலைக்கு வேண்டுதல் என்று உங்களிடம் சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் போவேன். மூன்றாவது தடவை மனசு கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டு நேராக மலை ஏறி, முருகா, உன் பெயரைச் சொல்லிப் பொய் சொல்லிவிட்டேன் என்று கும்பிட்டு வந்தேன். அன்றைக்குப் பிரசாதம் மட்டும் உண்மையாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. யாரிடமும் சொல்லாதது. கனவில் எனக்கு என் பல்லேதான் இருக்கும். இந்த மாதிரி மெஷின் நின்ற மத்தியானங்களில்தான் அது வரும். தோட்டத்து வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு எதையாவது கடித்துக்கொண்டிருப்பேன். மாங்காயோ கொய்யாவோ. அந்த முதல் கடி, பல் உள்ளே இறங்குகிற அந்தச் சத்தம், தெளிவாகக் கேட்கும். வெயில் தண்ணீரில் ஆடும். யாரும் வர மாட்டார்கள், எதுவும் நடக்காது. அவ்வளவுதான் கனவு. விழித்ததும் கண்ணைத் திறப்பதற்கு முன்னால் நாக்கு போய்த் தேடும். செட்டின் வழவழப்பில் இடிக்கும். அந்த நிமிஷம் எனக்கு வயது பதினெட்டா நாற்பத்தாறா என்று தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புரட்டாசிக் கடைசியில் உன் மாமன், என் தம்பி, வந்திருந்தான். தன் மகள் வசந்தாவுக்கு அவிநாசிபாளையத்திலிருந்து ஒரு இடம் வருகிறது என்றான். பையன் நல்லவன், நிலம் இருக்கிறது. உனக்கு வசந்தாவைக் குழந்தையாகத்தான் ஞாபகம் இருக்கும். இப்போது பதினெட்டு முடிந்துவிட்டது. அவள் வாயைப் பார்த்தாலே என் கை தானாக என் வாய்க்குப் போகும். அப்படியே என் பல். என் அம்மா வழியில் வந்து, என்னைத் தொட்டு, தம்பியைத் தாண்டி, அவளிடம் போய் உட்கார்ந்திருக்கிறது. தம்பி என்னிடம் மெதுவாக ஆரம்பித்தான். "அக்கா, ஒங்குளுக்குப் பண்ணுன மாதிரியே இவுளுக்கும் எடுத்துக் கட்டிரலாம்னு இருக்கறனுங்க. அதுனாலதான ஒங்குளுக்கு இத்தன நல்ல எடம் அமைஞ்சுது. எந்த டாக்டர்கிட்டப் போறதுன்னு நீங்க சொன்னாச் சரி."

நான் சொன்னேன். டாக்டர் இருக்கிற தெருவைச் சொன்னேன், எந்த பஸ்ஸில் இறங்குவது என்றுகூடச் சொன்னேன். என் மகன் பல்லைப் பிடுங்காமல் நேராக்கும் படிப்புக்கு மெட்ராசில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தபோது, நான் உட்கார்ந்து ஒரு பெண்ணின் பல்லை எடுக்க வழி சொன்னேன். ஏன் என்று கேட்காதே என்று எழுத நினைத்தேன். வேண்டாம், எழுதிவிடுகிறேன். வேண்டாம் என்று சொன்னால், எனக்கு நடந்தது என்ன என்று நான் சொல்ல வேண்டியிருக்கும். அது ஒன்று. இன்னொன்று அதைவிட மோசம். நான் பட்டேன், இவளும் படட்டுமே என்று மனசின் ஒரு மூலையில் ஒரு குரல் சொன்னது. கெட்ட குரல். என்னுடையதுதான்.

பத்து நாள் கழித்து உன் அந்த நீளமான கடிதம் வந்தது. சீனியர் ஒருவர் செய்து காட்டினார் என்று எழுதியிருந்தாயே, அது. ஒரு தாடைச் சட்டத்தில் சிவப்பு மெழுகு ஊற்றி, அதில் பற்களைத் தாறுமாறாகப் பதித்து வைத்திருந்தார்கள் என்றாய். ஒவ்வொரு பல்லுக்கும் மெல்லிய தகட்டில் பட்டி கட்டி, எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கோத்து, வெந்நீரில் இறக்கினார்களாம். மெழுகு இளகியதும், யாரும் தொடாமல், பற்கள் மெதுவாக நகர்ந்து தங்கள் தங்கள் இடத்துக்குப் போய் நின்றனவாம். அவற்றுக்குப் போக வேண்டிய இடம் முன்பே தெரிந்திருந்த மாதிரி இருந்தது என்று எழுதியிருந்தாய். வாயிலும் அப்படித்தான், எலும்பும் வழி விடும், நிதானமாகத் தள்ளினால் மாதத்துக்கு அரிசி அகலம்கூட நகராது, ஆனால் நகரும் என்று எழுதியிருந்தாய். இடம் போதாவிட்டால் ஓரத்தில் ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்துக்கூட முன்பல்லைக் காப்பாற்றுவோம் என்றும்.

அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்கும்போது இதே மேஜையில் தலை வைத்துத் தூங்கிவிட்டேன். வாய்க்கால் வந்தது. ஆனால் அன்றைக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. நான் எதையும் கடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உள்ளே என் பல் ஒவ்வொன்றும் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. வலிக்கவே இல்லை. உதடு தானாக மூடியது. விழித்தபோது மூச்சு வாங்கியது. இரண்டு வருஷம் யாராவது பொறுத்திருந்தால் அவை இன்னும் என் வாயில் இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தக் காலத்தில் இந்த வைத்தியம் நம் பக்கம் எங்கே இருந்தது என்று நீ கேட்கலாம். இல்லைதான். வசந்தாவின் காலத்தில் இருக்கிறதே.

மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன். வெள்ளிக்கிழமை பல் எடுக்க நாள் குறித்திருந்தார்கள். நான் போனது புதன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு வருசம் வாயில கம்பிய மாட்டிக்கிட்டு நின்னா எவனுங்க அக்கா பாக்க வருவான்? நம்ம பையனோட படிப்பெல்லாம் பட்டணத்துக்குச் சரிங்க" என்றான். என் தம்பி மனைவி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். வசந்தாவோ, "எடுத்துட்டா நல்லதுதானுங்க அத்தை. யாரும் சிரிக்க மாட்டாங்கல்ல" என்றாள். அதைக் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பினேன். செட்டைக் கழற்றிக் காப்பித் தட்டில் வைத்தேன். அப்படியே திரும்பி, "என்னயப் பாரு" என்றேன். தம்பிக்குச் சொன்னேனா, அவளுக்குச் சொன்னேனா, தெரியவில்லை. அந்த வார்த்தைகூட வேறு மாதிரிதான் வந்தது.

மேலுதடு உள்ளே போனால் முகம் எப்படி ஆகும் என்று உனக்குத் தெரியும். தம்பி என்னை அப்படிப் பார்த்ததில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். வசந்தா மட்டும் முகத்தைத் திருப்பவில்லை. கிட்டே வந்து அந்தச் செட்டைக் குனிந்து பார்த்தாள். "எடுக்கறப்ப வலிச்சுதுங்களா அத்தை?"

"ஒரு வாரம் கண்ணு."

"அப்புறம்?"

"அப்புறம் இருபத்தெட்டு வருசமா, யாராச்சும் பாத்துருவாங்களோன்னு."

அவள் தன் பல்லை நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டாள் என்று உதட்டசைவில் தெரிந்தது. "மச்சான் நெசமாவே நேராக்கிருவாங்களா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். உன்னைக் கேட்காமல், உன் கை எப்படி வளைகிறது என்று தெரியாமல், ஒரு மெழுகுக் கடிதத்தை நம்பி உன் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆறாவது மாதத்திலிருந்து ஆட்களைப் பார்க்க விடுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய். அது தை மாதம். தம்பி கடைசியில், "சரிங்க அக்கா, தை பொறக்கட்டும். அதுக்குள்ள தோதுப்படலீன்னா நீங்க குறுக்க வரக்கூடாது" என்றான். அவிநாசிபாளையத்துக்காரர்களுக்கு ஜாதகத்தில் கொஞ்ச நாள் தள்ளச் சொல்லியிருக்கிறது என்று ஆள் அனுப்பினான். எங்கள் குடும்பத்தில் பல்லுக்காகச் சாமி பேரிலும் ஜாதகத்தின் பேரிலும் சொன்ன பொய்களுக்கு அளவில்லை.

முறைப்பெண் என்பதால் அவளை உன் தலையில் கட்டப் பார்க்கிறேன் என்று சந்தேகப்படாதே. அவள் யாரைக் கட்டினாலும் கட்டட்டும். கரும்பைக் கடித்துத் தின்னட்டும். எனக்கு அது போதும். யார் இரண்டு வருஷம் வாயில் கம்பியோடு அலைவார்கள் என்று கேட்டாயே. நான் அலைந்திருப்பேன், கண்ணு. பத்து வருஷம் என்றாலும் அலைந்திருப்பேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நேற்று தம்பி வந்தான். உன் அப்பாவுக்கு எதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதே, நீ படிப்பை விட்டுவிட்டு வரப்போவதைச் சொல்லிவிட்டார். தம்பி கோபப்படுவான், என்னைக் குத்திக் காட்டுவான் என்று பார்த்தேன். அவன் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது. "அப்ப இன்னும் சவுரியமாப் போச்சுங்க அக்கா. வெளி டாக்டர் எதுக்குங்க, நம்ம பையன் கையாலயே எடுத்துக் கட்டிரலாம்" என்றான். தை மூன்றாம் தேதி நாள் நன்றாக இருக்கிறதாம். என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. குறுக்கே வரக் கூடாது என்று அவன் சொன்னபோது தலையாட்டியவள் நான்தானே.

வசந்தா என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணுஞ் சொல்லலீங்க. மச்சான் எடுக்கறதுன்னா பயமில்லீங்கன்னு மட்டும் சொன்னா" என்றான்.

மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது.

உன் அம்மா